தொடாத பந்துக்குப் பிழையில்லை

பேஸ்பால் ஆட்டத்தில் பிழை எது, நல்ல அடி எது என்று தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி உண்டு. மில்ஹேவன் நகரத்தில் அந்த அதிகாரி நான்தான். பெயர் ஹார்வி லிண்ட். முப்பத்தோரு வருஷம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒன்று போய்ச் சேரவில்லை என்றால், குற்றம் யார்மேல் என்று எழுத வேண்டும்.

விதி எளிமையானது. உருண்டு வரும் பந்தைத் தடுப்பாட்டக்காரர் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க முடியும் என்றால், விட்டது பிழை. முடியாது என்றால் அடித்தவருக்கு நல்ல அடி. சாதாரண முயற்சி என்றால் என்ன என்பதை மேன்மை தங்கிய விதிப்புத்தகம் என் பொறுப்பில் விட்டிருக்கிறது. ஆகவே மேல்மாடத்தில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, "பிழை, ஆறாம் எண்" என்று நான் சொன்னால் அது பிழைதான். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தீர்ப்பை மாற்றிக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட மாற்றியதில்லை. குத்திய முத்திரையை அழிப்பவன் தபால்காரனே அல்ல.

ஆறாம் எண் என்பது, ஓடுகிறவர் தொட வேண்டிய பேஸ் என்கிற மூலைகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் நிற்பவர். பந்து அதிகம் வந்து தொலைக்கிற இடம். எங்கள் 'மில்ஹேவன் நாரைகள்' அணியில் அந்த இடத்தில் நின்றவர் நெஸ்டர் பலென்சியா. டொமினிக்கன் நாட்டுக்காரர், வயது முப்பத்தாறு. மட்டையைக் கையில் கொடுத்தால் குடை பிடிப்பதுபோல் பிடிப்பார். ஆனால் தடுப்பில், பந்து கிளம்புவதற்கு முன்பே அது வரும் இடத்தில் போய் நின்றுகொண்டிருப்பார். பாய மாட்டார், புரள மாட்டார், சட்டையில் மண் படாது. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பந்தே அவரைத் தேடி வந்தமாதிரி இருக்கும்.

அவருக்கு அந்த வசந்தத்தில் ஒரே ஒரு ஆசை. மேல்நிலை அணியில் பத்து வருஷம் முடிக்க இன்னும் இருபது நாள் பாக்கி. பத்து வருஷம் முடிப்பவர் நூற்றில் பத்துப் பேர்கூட இல்லை. முடித்த அன்றைக்கு அணி முழுவதும் உடைமாற்றும் அறையில் கூடி, காகிதக் கோப்பைகளில் ஷாம்பெய்ன் ஊற்றி, அந்த மனிதரை நடுவில் நிறுத்திக் குடிக்கும். அது எங்கள் வழக்கம். நெஸ்டர் பாட்டிலை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் கடுகுச் சாறு டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். 'நெஸ்டர், ஏப்ரல் 16' என்று மேலே பட்டையும் ஒட்டியாகிவிட்டது.

இந்த நிலையில்தான் எதிர்காலம் குறுக்கே வந்தது.

எதிர்காலத்தின் பெயர் கேட் விட்லாக், வயது இருபத்தொன்று, அவனும் ஆறாம் எண். அவன் மேல்நிலையில் ஒரு பந்துகூட ஆடுவதற்கு முன்பே நகரத்தில் பாதிப் பேர் அவன் முகம் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். அணியை நடத்தும் எங்கள் சபையில் 'எதிர்காலத் துறை' என்று ஒன்று உண்டு. அதன் இயக்குநர் பிரெஸ்டன் யேட்ஸுக்கு வயது முப்பத்தொன்று. வெயிலோ மழையோ, கையில்லாத கம்பளிச் சட்டையோடுதான் திரிவார். பருவம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டி, கேட் விட்லாக் தடுப்பாட்டத்தில் இன்னும் தேற வேண்டியிருப்பதால், பைன்ரிட்ஜிலுள்ள கீழ்நிலை அணியில் பயிற்சி பெறுவார் என்று அறிவித்தார்.

"எப்ப தேறுவார்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏப்ரல் பதிமூணு."

"காலையிலயா, மத்தியானமா?"

"விமானம் பதினொண்ணு நாற்பதுக்கு இறங்குது. அதுக்குள்ள தேறிடுவார்."

யாரும் சிரிக்கவில்லை. முதல் பதினாறு நாள் ஒருவனைக் கீழே வைத்திருந்தால், அந்த வருஷம் அவனுக்கு முழு வருஷமாகக் கணக்கில் ஏறாது, சபை அவனை இன்னொரு வருஷம் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது மில்ஹேவனில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் பக்தியோடு குறித்துக்கொண்டார்கள். நெஸ்டரும் விரல்விட்டு எண்ணினார். பதினாறு நாள் ஆடலாம். பாக்கி நான்கு நாள்.

அந்த நான்கு நாளுக்காகப் பயிற்சியாளர் வால்ட் ஹென்ஷா இயக்குநரைப் பார்க்கப் போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வால்டுக்கு வயது அறுபத்துமூன்று. வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும், தோலைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார்.

"நாலே நாள் தம்பி. ஆட விட வேணாம், பெஞ்சுல உட்கார வைங்க போதும்."

"பெஞ்சுலயும் வளர்ச்சிக்கு இடம் இருக்கணும், வால்ட். முப்பத்தாறு வயசுக்காரர் பெஞ்சுல உட்கார்ந்தா என்ன வளரும்?"

"தொப்பை வளரும். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. பட்டியலைப் பாருங்க. நெஸ்டர் இந்தப் பருவத்துல மூணு பிழை. கேட் பைன்ரிட்ஜ்ல ஒண்ணுகூட இல்ல."

"அவன் பந்துகிட்ட போனாத்தானேய்யா பிழை விழும்!"

"அதையேதான் நானும் சொல்றேன். பிழை விழற இடத்துக்கே அவர் போறதில்ல. எவ்வளவு தெளிவான ஆட்டக்காரர் பாருங்க."

வால்ட் என் பக்கம் திரும்பினார். "யோவ் லிண்ட், நீதானே எழுதின? வாயைத் திறந்து சொல்லுய்யா."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மூணு பந்தையும் வேற எந்த ஆறாம் எண்ணும் தொட்டிருக்கவே முடியாது" என்றேன்.

"அப்புறம் ஏன் பிழைன்னு எழுதினீங்க?" என்றார் யேட்ஸ்.

"அவருக்கு அது சாதாரண முயற்சிங்க."

"ஆக, சாதாரணம். பாத்தீங்களா வால்ட், அதிகாரியே சொல்றார். சாதாரணமான ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஒன்பது வருஷமாக நெஸ்டரையே பார்த்துப் பார்த்து, ஆறாம் எண் என்றால் இப்படித்தான் ஆடுவார்கள்போல என்று என் கண்ணுக்குப் பழகிவிட்டிருந்தது. விதிப்புத்தகத்தில் சராசரி ஆட்டக்காரரை வைத்து அளக்கச் சொல்லியிருக்கிறது. நான் அவரை வைத்தே அவரை அளந்துகொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் தேதி இரவு நெஸ்டருக்கு விடுவிப்புக் கடிதம் கிடைத்தது. அவருடைய ஈடு இணையற்ற சேவையை எதிர்காலத் துறை என்றென்றும் நினைவில் கொள்ளும் என்றும், அலமாரியைக் காலை பத்து மணிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மறுநாள் காலை நான் போனபோது கையுறைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"பாட்டில் அங்கயே இருக்கட்டும் சார்" என்றார். "நாலு நாள்தானே. எங்கயாவது கிடைக்கும். வந்து எடுத்துக்கறேன்."

எங்கும் கிடைக்கவில்லை. மற்ற அணிகளிலும் எதிர்காலத் துறைகள் இருந்தன. எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் படித்தார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு கேட் விட்லாக் தடுப்பாட்டத்தில் முழுமையாகத் தேறி வந்து இறங்கினான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பந்து அவனுக்கு இடப்பக்கம் வந்தது. நெஸ்டராக இருந்தால் நடந்துபோய் எடுத்திருப்பார். இவன் பறந்து பாய்ந்தான், நெஞ்சால் மண்ணை உழுதான், கையுறை பந்துக்கு இரண்டடி இந்தப் பக்கம் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. நான் ஒலிவாங்கியில், "நல்ல அடி" என்றேன். தொடாத பந்துக்குப் பிழை எழுதும் வழக்கமில்லை.

பதினேழு ஆட்டத்தில் பதினான்கு தோற்றோம். கேட் விட்லாக் ஒரு பிழையும் செய்யவில்லை. இது சபையின் வரலாற்றுச் சாதனை என்று எதிர்காலத் துறை அறிக்கை விட்டது. தடுப்பில் குறையே இல்லாதபோது தோற்பது எப்படி என்று ஆராய மூவர் குழு அமைத்தார்கள். பந்து வீசுகிறவர்கள் பந்தை அடிக்க விடுகிறார்கள் என்று குழு கண்டுபிடித்தது. அவர்களை அனுப்பிவிட்டு, இன்னும் வீசப் பழகாத, ஆனால் தோள் அளவு பிரமாதமாக உள்ள நான்கு பையன்களை இறக்கினார்கள். ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் பாடும் அம்மாளையும் மாற்றினார்கள். புதிதாக வந்த பெண்ணுக்குச் சுருதி சேரவில்லை, ஆனால் நுரையீரல் கொள்ளளவு வயதுக்கு மீறியது.

ஆனி மாத வெயிலில் ரசிகப் பெருமக்களுக்கு ஞானோதயம் பிறந்தது. "நெஸ்டரைக் கூப்பிடு" என்று நாற்பதாயிரம் பேர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பெரும்பாலோர் விட்லாக் பனியனை அணிந்துகொண்டுதான் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

யேட்ஸ் மனம் இளகினார். அதற்கு அவரிடம் ஒரு துறைசார்ந்த காரணமும் இருந்தது. ஆட ஆட கேட் விட்லாக்கின் எதிர்கால மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஆடாமல் உட்கார வைத்தால் குறையாது என்று கணினி சொன்னது. ஆகவே எதிர்காலத்தைப் பத்திரமாகப் பெஞ்சில் வைத்துவிட்டு, நிகழ்காலத்துக்கு நெஸ்டரைத் திரும்ப எடுப்பதென்று முடிவாயிற்று. நெஸ்டர் வந்து கையெழுத்துப் போட்டார். யேட்ஸ் கைகுலுக்கினார்.

"சந்தோஷம் நெஸ்டர். முதல்ல பதினாறு நாள் பைன்ரிட்ஜ் போங்க."

"எதுக்கு சார்?"

"தடுப்பாட்டத்துல தேறணும் இல்லையா? கீழேயிருந்து மேல வர்ற எல்லாருக்கும் ஒரே படிவம்தான்."

"நான் போன வாரம் வரைக்கும் வீட்டுலதான் சார் இருந்தேன். கீழேயிருந்து வரல."

"அதனாலதான் முதல்ல கீழ அனுப்பறோம்."

கீழ்நிலை நாள்கள் பத்து வருஷக் கணக்கில் சேராது. நெஸ்டர் போனார். பதினாறு நாள் பேருந்தில் உட்கார்ந்து, தன் மகன் வயதுப் பையன்களோடு ரொட்டி தின்று, தடுப்பாட்டம் கற்றுக்கொண்டார். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்தவன், நான்கு வருஷத்துக்கு முன் நெஸ்டரே கையுறை கட்டச் சொல்லிக்கொடுத்த ஆள். தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

முதல் நாள் ஜெயித்தோம். இரண்டாம் நாளும் ஜெயித்தோம். அரங்கம் அமைதியாகக் கடலை கொறித்தது. பந்து போகிறது, நெஸ்டர் நிற்கிறார், எறிகிறார், முடிந்தது. பார்க்க ஒன்றுமே இல்லை. என் பக்கத்தில் இருந்த நிருபர் கொட்டாவி விட்டார்.

மூன்றாம் நாள் கடைசிச் சுற்று. வலப்பக்கம் வெகு ஆழத்தில், புல் தொடங்கும் இடத்தை நோக்கி ஒரு பந்து சீறிப் போனது. வேறு யாராக இருந்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றிருப்பார்கள். நெஸ்டர் போய்விட்டார். கையுறையின் நுனியில் பட்டுத் தெறித்தது. அதற்குள் மூன்றாம் பேஸில் நின்றிருந்த எதிரணிக்காரன் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டான், தோற்றோம்.

என் கை ஒலிவாங்கிக்குத் தானாகப் போனது.

"பிழை, ஆறாம் எண்."

அரங்கம் வெடித்தது. மனு கொடுத்த அதே நாற்பதாயிரம் பேர்! "கிழவா, வீட்டுக்குப் போ!" "பசங்களை இறக்குங்கடா!" ஒரு தகப்பன், தோளில் இருந்த குழந்தைக்கு எப்படி ஊளையிடுவது என்று சொல்லிக்கொடுத்தான். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு நான்காவது பிழை விழுந்தால் உடனடி நீக்கம் என்று துறையின் விதியில் இருக்கிறது. அது நான்காவது.

வால்ட் படியேறி மாடத்துக்கே வந்துவிட்டார்.

"மாத்துய்யா. உனக்கு இருபத்துநாலு மணி நேரம் இருக்கு. நாளைக்கு ஒரே ஒரு நாள்தான்யா அவனுக்கு வேணும்!"

அன்று இரவு அந்தப் பந்தைப் படத்தில் பதினொரு தடவை பார்த்தேன். அது பிழையே அல்ல. உலகத்தில் எந்த ஆறாம் எண்ணுக்கும் அது சாதாரண முயற்சி அல்ல. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இதை மாற்றினால் முந்தைய மூன்றும் தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதை ஒப்புக்கொண்டால் ஒன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து நான் என்ன பார்த்தேன் என்று யாராவது கேட்பார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்ய எண்களை அழுத்தினேன், வைத்தேன். மறுபடி அழுத்தினேன், மறுபடி வைத்தேன்.

காலையில் நெஸ்டர் வாகன நிறுத்தத்தில் பையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷம், நூற்று எழுபத்தொரு நாள். நூற்று எழுபத்திரண்டு ஆனால்தான் ஒரு வருஷம்.

"நெஸ்டர், அந்தப் பந்து..." என்று இழுத்தேன்.

"நான் போயிருக்கக் கூடாது சார்" என்றார். "சும்மா நின்னிருந்தா நீங்க நல்ல அடின்னு எழுதியிருப்பீங்க. என்ன பண்றது, கால் கேக்கல."

கார் போய்விட்டது. பாட்டிலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஆகஸ்ட் கடைசியில், பெஞ்சிலிருந்து மறுபடி களத்தில் இறக்கப்பட்ட கேட் விட்லாக் பிழையில்லாமல் ஐம்பது ஆட்டம் முடித்தான். அணி கடைசி இடத்தில் இருந்தது. உடைமாற்றும் அறையில் விழா. எதிர்காலத் துறை ஷாம்பெய்ன் சொல்ல மறந்துவிட்டதால், யாரோ குளிர்பதனப் பெட்டியைத் துழாவி, கடுகுச் சாறு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்கள்.

"இதுல ஏதோ பேர் எழுதியிருக்கே" என்றான் விட்லாக்.

"பழைய பட்டை. கிழிச்சுடுங்க" என்றார் யேட்ஸ்.

வால்ட் தன் கோப்பையில் விதைத் தோலைத் துப்பிவிட்டு வெளியே போய்விட்டார். ஐம்பது ஆட்டத்துக்கும் தீர்ப்பு எழுதிய அதிகாரி என்ற முறையில் என்னை நடுவில் நிறுத்தி ஒரு கோப்பை கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.