மேஜருக்கு வயிறு சரியில்லை

எலும்பைப் போட்டது சங்கையாதான். மதுரையில் மகள் வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பியவர், கறிக்குழம்பில் வெந்த எலும்புகளைப் பையில் முடிந்துகொண்டு வந்தார். மனைவி முனீஸ்வரி குளிக்கப் போன நேரம் பார்த்து மேஜருக்கு வைத்தார். திங்கட்கிழமை காலை கொல்லையில் மேஜர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ரத்தம்.

மேஜர் அசல் ராஜபாளையம் நாய். தும்பைப்பூ வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு. நின்றால் தெருவே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். சங்கையா இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராகத்தான் ஓய்வு பெற்றார். வீட்டிலாவது ஒரு மேஜர் இருக்கட்டும் என்று அவரே வைத்த பேர். நாய் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டது. ஹவில்தாரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முனீஸ்வரி வைத்தால்தான் சோறு. இந்தச் சாதி நாய் ஒரே ஒரு ஆளைத்தான் ஏற்கும் என்பார்கள். அந்த ஆள் முனீஸ்வரி என்பது தெருவுக்கே தெரியும். சங்கையாவுக்கும் தெரியும். எலும்பு சும்மா வரவில்லை, லஞ்சமாக வந்தது.

முனீஸ்வரி பார்ப்பதற்குள் அவசரமாக ரத்தத்தின் மேல் மண்ணைத் தள்ளி மூடினார். சுவருக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தான் பக்கத்து வீட்டு விஜயபாண்டி.

"ஏலே, நாய்க்கு ரத்தமாப் போனா என்ன காரணம்?"

"யாரு நாய்க்கு மாமா?"

"பொதுவாக் கேக்கேன்."

"பொதுவான நாய்க்குன்னா சூடு. மோர ஊத்துங்க."

மோர் ஊற்றினார். மத்தியானத்துக்குள் மேஜர் நாலு தடவை கொல்லைக்கு ஓடியது.

"அப்ப பூச்சிதான். வேப்பங்கொழுந்த அரைச்சு உருட்டிக் குடுங்க."

பாதி உருண்டையை விழுங்கியது மேஜர். மீதியை நிதானமாக ஹவில்தாரின் வேட்டியில் துப்பியது. செத்த நேரத்தில் விழுங்கியதும் அதே வேட்டிக்கு வந்து சேர்ந்தது. ராத்திரி சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முந்தைய நாளைவிடச் சிவப்பு அதிகம்.

"உண்ணிக் காய்ச்சல் வந்தாலும் போகும் மாமா. எலிமருந்து தின்னாலும் போகும். பார்வோன்னு ஒரு வைரஸ் இருக்கு, அது வந்துட்டா ரெண்டே நாள்..."

"ரெண்டே நாள்ல என்னலே?"

"விடுங்க, பொதுவான நாய்தான?"

பனிமலையில் அசையாமல் காவல் நின்ற சங்கையா வீட்டுக்குள் ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த நாய் டாக்டருக்குப் போன் போட்டார். "மலத்தக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர். சுத்தமான டப்பா என்று வீட்டில் இருந்தது காலி பால்கோவா டப்பா ஒன்றுதான்.

"சும்மா ஊசி போடக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"நானும் வாரேன்" என்றாள் முனீஸ்வரி. எலும்பு விஷயம் வெளியே வரப்போகிறது என்று சங்கையாவுக்குப் புரிந்துவிட்டது.

லோடு ஆட்டோ ஓட்டிய இருளப்பசாமி டப்பாவைப் பார்த்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா கொண்டு போறீயளா? தொறங்க, ஒரு வாய் பாப்போம்."

"இது வீட்டுத் தயாரிப்புப்பா. நீ தாங்க மாட்ட."

வேற்று ஆளை அண்டவிடாத மேஜரிடம் டாக்டர் மாரிச்செல்வி நேராகப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டி, பேசாமல் இருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து மேஜரே எழுந்து வந்து அவர் தோளை மோந்தது. அதன் பிறகுதான் கை வைத்தார். தன் சர்வீஸில் எந்த அதிகாரியிடமும் இப்படி ஒரு பொறுமையைச் சங்கையா பார்த்ததில்லை.

"ரத்தம் கறுப்பாவா, செவப்பாவா?"

"செவப்பு டாக்டர். சளி மாதிரியும் வருது."

"அப்ப கீழ்க்குடல். என்ன தின்னான்?"

சங்கையா அட்டென்ஷனில் நின்றார்.

"எலும்பு. நாந்தான் போட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

இடி விழும் என்று கண்ணை மூடினார். விசும்பல்தான் கேட்டது.

"எலும்பு இல்ல டாக்டர்" என்றாள் முனீஸ்வரி. "வெள்ளிக்கெழமையே ரத்தம் போச்சு. நான் வச்ச பால்தான் கெட்டுருச்சோன்னு பயந்துட்டேன். இவிய வந்தா வைவாகன்னு மண்ணப் போட்டு மூடிட்டேன்."

"நீயுமா?" என்றார் சங்கையா.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு எங்கேயும் சிக்கவில்லை. டப்பாவில் பூச்சி முட்டை இல்லை. பார்வோ இல்லை. ரத்தப் பரிசோதனையும் சுத்தம்.

"வெந்த எலும்பு இனி போடவே கூடாது. மோரும் வேப்பங்கொழுந்தும் கூடக் கொஞ்சம் இழுத்து விட்டுருக்கு. ஆனா ஆரம்பிச்சது வேற. வெள்ளிக்கெழம வீட்டுல புதுசா என்ன நடந்துச்சு? வெடிச் சத்தம்? வெளியாளு?"

"ஒண்ணுமே நடக்கல டாக்டர். இவிய வியாழக்கெழம மக வீட்டுக்குப் போயிட்டாக. நானும் மேஜரும்தான். அவன் வாசலப் பாத்து படுத்தவன் எந்திரிக்கவே இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எதுவானாலும் நேராச் சொல்லிருங்க டாக்டர்" என்றார் சங்கையா. "பொழைப்பானா? இவ உசுரே இவன் மேலதான். இவ நாய் இது. என்னய மனுசனாக்கூட மதிக்க மாட்டான்."

"பொழைச்சுருவான். அம்மா கையால சோறு திங்கிறான், அம்புட்டுத்தான். அவன் உங்க நாய் சார். உங்களக் காணாத ஏக்கத்துலதான் குடல் புண்ணாகி ரத்தமாப் போயிருக்கான்."