ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங்குக்கு ஒரு வீடு

உலகத்தில் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. கோப்பை நகர்த்தும் அலுவலகம் உண்டு. கோப்பைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடுவதற்காக இன்னொரு கோப்பு திறக்கும் அலுவலகமும் உண்டு. ஆனால் சாலட்டின் மேல் ஊற்றும் ஒரே ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங்குக்காக முறைப்படி ஆணை பிறப்பித்து, மாமியார் முதல் மழலை வரை அடங்கிய ஒரு முழுக் குடும்பத்தையே உண்டாக்கிய பெருமை படிவத் துறை ஒன்றையே சேரும். வருங்காலத் தலைமுறை வாயைப் பிளக்கட்டும்.

படிவத் துறை என்பது மற்ற துறைகளுக்கெல்லாம் படிவம் தயாரித்துக் கொடுக்கும் துறை. நான்கு மாடி, நூற்று நாற்பது பேர், தரைத்தளத்தில் ஒரு கேன்டீன். அந்தக் கேன்டீனில் சமைப்பவர் எல்லோருக்கும் 'அக்கா'. அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். பதினோரு வருடமாக அவர் அங்கே 'தற்காலிகமாக' வேலை பார்த்து வந்தார். இதற்குள் அடுப்பு மூன்று முறை மாறியது, இயக்குநர் ஐந்து முறை மாறினார். அக்காவின் தற்காலிகம் மட்டும் அசையவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, இயக்குநர் 'ஊழியர் நலமும் உற்சாகமும்' என்ற மூன்று நாள் கருத்தரங்குக்குப் போய்வந்தார். அங்கே பேசியது எதுவும் அவர் நினைவில் இல்லை. இரண்டாம் நாள் மதியம் போட்ட மெக்சிகோ பாணி டாக்கோ சாலட் மட்டும் நினைவில் நின்றது. திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்துவிட்டது.

"இனி புதன்தோறும் கேன்டீனில், வயிறு நிறையும் டாக்கோ சாலட், வீட்டில் தயாரித்த டிரெஸ்ஸிங்குடன் வழங்கப்படும். பதினெட்டாம் தேதி தலைமையகத்தின் தர ஆய்வாளர் நேரில் வந்து சோதிப்பார். சான்று கிடைத்தால் சமையலர் பணியிடம் நிரந்தரமாக்கப்படும். கிடைக்காவிட்டால் கேன்டீன் மூடப்பட்டு, பொத்தானை அழுத்தினால் பொட்டலம் விழும் இயந்திரம் ஒன்று அவ்விடத்தில் நிறுவப்படும்."

கடைசி இரண்டு வரிகளை அக்கா மூன்று முறை படித்தார். பொத்தான் இயந்திரத்தை அவர் ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறார். அது சம்பளம் கேட்காது, அதற்கு முதுகு வலிக்காது.

டாக்கோ சாலட் அவருக்குக் கைவந்த சமாச்சாரம். முதல் புதன்கிழமையே அசத்திவிட்டார். கொத்துக்கறியை வெங்காயத்தோடு போட்டு நீர் வற்றும்வரை கிளறி, மிளகாய்த்தூளும் சீரகத்தூளும் தக்காளி விழுதும் சேர்த்து இறக்கினார். வேகவைத்த சிவப்பு பீன்ஸ், சோளம், நறுக்கிய தக்காளி, துருவிய சீஸ் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில். லெட்டூஸ் இலைகளைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் போக எடுத்த பிறகே கிள்ளிப் போட்டார். டிரெஸ்ஸிங்குக்குக் கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, நசுக்கிய பூண்டு, கொத்தமல்லி, ஒரு கரண்டி தேன், கொஞ்சம் எண்ணெய், உப்பு. அத்தனையையும் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி மூடி, கை ஓயக் குலுக்கினார். கடைசியாகத்தான் பொரித்த சோளச் சில்லு. முன்னாடியே போட்டால் நமத்துப் போகும்.

அலுவலகக் கண்காணிப்பாளர் முதல் வாய் சாப்பிட்டார். மீசையில் ஒட்டிய தயிரைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அக்கா, டிரெஸ்ஸிங்கை எங்க வச்சு செஞ்சீங்க?"

"இங்கதான் சார். இந்த மேடையில."

"இது வீடா?"

"கேன்டீன் சார்."

"சுற்றறிக்கையில 'வீட்டில் தயாரித்த'ன்னு போட்டிருக்கே. அப்ப இது செல்லாது. ருசியில ஒரு குறையும் இல்ல. ஆனா செல்லாது." சொல்லிவிட்டு, செல்லாத சாலட்டை இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அக்கா விடியற்காலையில் எழுந்து, தன் வீட்டில் டிரெஸ்ஸிங் செய்து பாட்டிலோடு வந்தார். வாசலில் காவலர் மறித்தார்.

"வெளிச் சாப்பாடு உள்ள வரக் கூடாதுக்கா. போர்டு இருக்கு பாருங்க."

"அண்ணே, இது உள்ள போகலைன்னா என் வேலை போயிடும்."

"புரியுதுக்கா. இதை உள்ள விட்டா என் வேலை போயிடும்."

அவர் அக்கா என்பார், இவர் அண்ணே என்பார். யார் மூத்தவர் என்பது பதினோரு வருடமாகத் தீராத விவகாரம். பாட்டிலை வாசலிலேயே விட்டுவிட்டு அக்கா உள்ளே போனார். வேறு என்ன செய்ய முடியும்?

ஆக, வீட்டில் செய்தால் உள்ளே வராது. உள்ளே செய்தால் வீட்டில் செய்ததாகாது. சாதாரண மூளை இங்கே கையை விரித்துவிடும். படிவத் துறை கூட்டம் போட்டது. இரண்டரை மணி நேரம், இரண்டு சுற்று டீ. முடிவில் இயக்குநர் எழுந்தார். முகத்தில் ஒரு தேஜஸ்.

"டிரெஸ்ஸிங்கை வீட்டுக்கு அனுப்ப முடியாது. வீட்டை டிரெஸ்ஸிங்குக்கு வரவழைப்போம்!"

கேன்டீனை 'வீடாக'க் கருதும் ஆணை அன்று மாலையே வெளியானது. வீடென்றால் குடும்பம் வேண்டுமே? பணிமூப்புப் பட்டியலை எடுத்தார்கள். இருப்பதில் அதிகாரம் மிக்க பதவி மாமியார் என்பதால், அது சட்டப்படி கண்காணிப்பாளருக்குப் போனது. "எனக்கு மீசை இருக்கே சார்" என்று அவர் முனகினார். "தகுதிகளில் மீசை பற்றிக் குறிப்பு ஏதுமில்லை" என்று பதில் வந்தது. மாமனார் பதவியை இயக்குநரே வைத்துக்கொண்டார். கௌரவம் உண்டு, வேலை இல்லை. அவருக்கு அது பழகியதுதான். கணவன் பொறுப்பு காவலருக்கு. கதவோரம் நிற்பதிலும், எதையும் எடுத்துக் கொடுக்காமல் இருப்பதிலும் அவருக்கு இருபது வருட அனுபவம். குழந்தை யார் என்பதில்தான் சிக்கல். துறையில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் குழந்தை என்று விதி. ஓய்வு பெற்று, மறுபடி வேலைக்கு எடுக்கப்பட்ட ஓட்டுநர்தான் கடைசியாகச் சேர்ந்தவர். அவருக்கு வயது அறுபத்திரண்டு. மழலைப் பொறுப்பை அவர் பணிவோடு ஏற்றுக்கொண்டார்.

மருமகள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அதுவும் நடைமுறைப்படியே நடந்தது.

அக்காவின் கையில் ஒரு குறிப்பாணை கொடுத்தார்கள். காவலரை 'அண்ணே' என்று கூப்பிடுவது உடனடியாக நிறுத்தப்பட வேண்டும், இனி 'என்னங்க' என்றே கூப்பிட வேண்டும். கண்காணிப்பாளர் 'அத்தை'. அக்காவுக்கு உடம்பு கூசியது. காவலரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. ஆர்டர்."

"பரவாயில்லை விடுங்க அண்... என்னங்க. பதினெட்டாம் தேதி வரைக்கும்தானே."

ஒத்திகைகள் தொடங்கின. முதல் வாரம் மாமியார் தாளைப் பார்த்துப் படித்தார்: "உப்பு, கேள்விக்குறி, போட்டாயா, கேள்விக்குறி." இரண்டாம் வாரம் தாள் தேவைப்படவில்லை. முப்பது வருடமாக அவர் எழுதிய குறிப்புகளையெல்லாம் மேலிடம் திருப்பி அனுப்பியிருந்தது. திருப்பி அனுப்பாமல் கேட்டுக்கொள்ள இப்போதுதான் ஓர் ஆள் கிடைத்திருந்தது.

"லெட்டூஸை இப்படியா கிள்ளுவாங்க? உங்க வீட்ல இதுதான் சொல்லிக் கொடுத்தாங்களா? தேன் யாரைக் கேட்டு ஊத்துன?"

காவலர் கதவில் சாய்ந்து, பேப்பரை விரித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "ஆச்சா?" என்றார். ஒருநாள் மனசு கேட்காமல் ஒரு கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டார். பாத்திரத்துக்கு மாறான நடத்தை என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஓட்டுநர் மேசையைத் தட்டி "சில்லு வேணும்!" என்று அழுதார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தும் கடமைக்காக அழுதார்.

அக்காவுக்கு ஆத்திரம் வராமல் இல்லை. வந்தது, தினமும் வந்தது. பொத்தான் இயந்திரத்தை நினைத்துக்கொள்வார். ஆத்திரத்தை அப்படியே பாட்டிலுக்குள் போட்டுக் குலுக்குவார். டிரெஸ்ஸிங் நாளுக்கு நாள் பிரமாதமாக வந்தது.

பதினெட்டாம் தேதி ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் 'வீட்டுத்தன்மை அறியும் படிவம்', நாற்பத்திரண்டு கேள்விகள். அதைத் தயாரித்ததே இந்தத் துறைதான் என்றாலும், விடைகள் யாருக்கும் தெரியாது.

எல்லாம் கச்சிதமாக நடந்தது. மாமியார் மூன்று குறை சொன்னார், அதில் ஒன்று போன வாரத்தைப் பற்றியது. கணவன் "ஆச்சா?" என்றார். குழந்தை அழுதது. நடுவில் மாமனார் வரவேற்புரை தொடங்க, அக்கா சில்லுத் தட்டைப் பிடித்துக்கொண்டு பதினேழு நிமிடம் நின்றார். கை கடுத்தது. கடைசிக் கைதட்டல் அடங்கியதும் சில்லைப் பரப்பி, டிரெஸ்ஸிங்கை ஊற்றினார்.

நொறுங்கும் சத்தத்துக்கு நடுவே குடும்பத்தார் நாலு பேரும் ஆளுக்கொரு குறை சொல்லி, இன்னொரு தட்டும் வாங்கினார்கள். ஆய்வாளர் இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்தி, 'வயிறு நிறையும்' என்ற கட்டத்தில் சரி போட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"குறை சொன்னவங்க எத்தனை பேர்?"

"நாலு பேர்" என்றார் கண்காணிப்பாளர் பெருமையாக.

"ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டவங்க?"

"அதே நாலு பேர்."

"நல்லா இருக்குன்னு யாராவது சொன்னீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆய்வாளர் மதிப்பெண்ணை ஏற்றினார்.

"சமைச்சவங்க சாப்பிட்டாங்களா?"

இப்போது எல்லோரும் சாலட் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அடியில் ஒரே ஒரு லெட்டூஸ் இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"இல்லைங்க" என்றார் அக்கா. "எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்தேன்." காலையிலிருந்து அவர் ஒரு டீ மட்டும் குடித்திருந்தார்.

ஆய்வாளர் நிமிர்ந்தார். "இது ஒத்திகையில இருந்ததா?"

"சத்தியமா இல்ல சார்" என்று கண்காணிப்பாளர் பதறினார். "நாங்க அதை யோசிக்கவே இல்ல."

ஆய்வாளரின் கண் கலங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யோசிக்கவே இல்ல! எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கேன் சார். எல்லாம் நடிப்பு. இங்கதான் நிஜமான வீட்டைப் பார்க்குறேன்." முழு மதிப்பெண். கைதட்டல் நான்காவது மாடிவரை கேட்டது.

"ஒரே ஒரு சின்னச் சிக்கல்" என்றார் அவர், படிவத்தின் பின்பக்கத்தைப் புரட்டி. "இவங்க சம்பளம் வாங்குறாங்களா?"

இயக்குநர் முகம் சுருங்கியது. "வாங்குறாங்க."

"லீவு?"

"மாசம் ஒண்ணு."

"வீட்ல சமைக்கிறவங்களுக்கு ஏது சார் அதெல்லாம்?"

இயக்குநர் தாமதிக்கவில்லை. பதினோரு வருடம் நகராத கோப்பு, நான்கு நிமிடத்தில் நகர்ந்தது. தட்டச்சான ஆணையை அவரே அக்காவின் கையில் கொடுத்து, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தோளில் தட்டினார். அக்கா படித்தார். பணி: நிரந்தரம். ஊதியம்: பொருந்தாது. விடுப்பு: பொருந்தாது. ஓய்வு பெறும் வயது: பொருந்தாது.

"சந்தோஷம்தானேம்மா?" என்றார் மாமனார்.

அக்கா ஆணையை நான்காக மடித்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜாம் பாட்டிலைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார். குரல் நிதானமாகத்தான் வந்தது.

"அப்ப நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

மருமகள் அம்மா வீட்டுக்குப் போவதற்குத் துறையில் படிவம் கிடையாது. யாரும் இதுவரை கேட்டதில்லை.

"எப்ப... எப்ப திரும்பி வருவ?" என்றார் மாமியார்.

"தெரியாதுங்க அத்தை."

வாசலில் காவலர் போர்டை ஒருமுறை படித்துப் பார்த்தார். உள்ளே வருவதற்குத்தான் தடை, வெளியே போவதற்கு இல்லை. கதவை அகலத் திறந்துவிட்டார். "பார்த்துப் போங்கக்கா" என்றார். குறிப்பாணையை மீறியதற்காக அவர் மேல் ஒரு விசாரணை இன்றும் நடந்து வருகிறது.

அடுத்த புதன்கிழமை நூற்று நாற்பது பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே மாமனாரும் மாமியாரும் ஒரு முழு லெட்டூஸை நடுவில் வைத்து, அதை எந்தப் பக்கத்திலிருந்து திறப்பது என்று ஆலோசித்தார்கள். அடுப்பு பற்றவில்லை. பீன்ஸ் ஊறவில்லை. மணி இரண்டானது. பசியிலும் நிஜமான மனவருத்தத்திலும் இயக்குநர் கேட்டார்.

"நல்லாத்தானே வச்சிருந்தோம். அப்படி என்னதான் குறை வச்சோம் அந்தப் பொண்ணுக்கு?"

வரிசையில் நின்ற எல்லோருக்கும் அதே கேள்விதான். சான்றிதழில் சந்தேகம் இருப்பவர்கள் இந்த ஒரு கேள்வியைக் குறித்துக்கொள்ளலாம். இதை இவ்வளவு மனசாரக் கேட்கத் தெரிந்த இடம், சத்தியமாக வீடேதான்.