பாசி எண்ணெயும் எங்கள் வீட்டு மிக்ஸியும்

போலாரம்,
ஹைதராபாத்.

மதிப்பிற்குரிய ஆனந்தகுமார் அத்தானுக்கு, சுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், சுமதி, மகள் அஸ்வினி மூவரும் நலம். வீட்டுச் சாமான்கள்தான் நலமாக இல்லை. பாளையங்கோட்டையில் அக்காவும் நீங்களும் நலமாயிருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும்.

உங்கள் மகன் ஸ்ரீகாந்த் பாசியிலிருந்து எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டும் ஆராய்ச்சிக்காக இங்கே தங்க வந்தபோது, 'ஒரு மூலையில் இருந்து படிப்பான்' என்று எழுதியிருந்தீர்கள். மூலை போதவில்லை. கண்ணுக்கே தெரியாத பாசியாம். மற்றவர்கள் காயவைத்துத்தான் எண்ணெய் எடுப்பார்களாம், இவன் ஈரத்தோடு எடுத்துக் காட்டப் போகிறானாம். ஆய்வுக்கூடத்து இயந்திரத்துக்கு வரிசை நீளமாம். ஆகவே எங்கள் சமையலறை. "அத்தை, செல் சுவர ஒடச்சாத்தான் எண்ணெய் வரும்" என்றான். "ஏய்யா, யாரு செல்லு ஒடஞ்சுது?" என்று சுமதி தன் போனைத் தேடினாள். உடைந்தது மிக்ஸி. அடுத்து குக்கரில் வேகவைத்தான். விசில் வரவில்லை, பாசி வந்தது, கூரை பச்சையாயிற்று. பிறகு உறையவைத்து உருக்கும் முறை என்று ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டான். அதிலிருந்த ஒரு டப்பாவைக் கொத்தமல்லிச் சட்னி என்று எண்ணி, நான் நாலு இட்லிக்குத் தொட்டுக்கொண்டேன். "மாமா, அது என் மூணு மாச உழைப்பு!" என்று அழுதான். என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றுமுதல் அஸ்வினி வீட்டுச் சாப்பாட்டைக் கண்டாலே "நக்கோ டாடி" (இந்த ஊர்ப் பேச்சில் 'வேண்டாம்') என்று ஓடுகிறாள்.

இத்தனைக்கும் கிடைத்தது அரை ஸ்பூன் எண்ணெய். அதை எடுத்துக்கொண்டு கச்சிபௌலியில் பசுமை எரிபொருள் மாநாட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன். உள்ளே 'மகத்தான முன்னேற்றம்' என்று கைதட்டினார்கள். வெளியே, அந்தப் பெரியவர்களின் கார்கள் ஏ.சி. குளிர்ச்சி போய்விடாமலிருக்க மூன்று மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றன. "ஏல, இந்த அரை ஸ்பூன் எடுக்க எவ்வளவு கரண்டு ஆச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் அடுத்த கட்ட ஆராய்ச்சி மாமா" என்றான்.

ஆகவே அத்தான், இந்த வாரமே வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போகவும். சுமதியும் இதில் உறுதியாக இருக்கிறாள். அங்குள்ள பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
சுப்பிரமணியம்

பி.கு.: வர வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது சுமதி, "அரைக்கத் தெரியாம அரைக்கான்" என்று சொல்லி, அஸ்வினியின் அறுந்துபோன கண்ணாடி மணிமாலையைப் பாசியோடு கிரைண்டரில் போட்டுத் தானே ஓட்டினாள். மணிகள் உரசியதில் அந்தச் செல் சுவர் நொறுங்கி, ஒரு கிண்ணம் எண்ணெய்! ஸ்ரீகாந்தின் பேராசிரியர் வந்து பார்த்து வாய்க்கு வாய் "மேடம்" என்கிறார்; ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வருமாம். நடுவீட்டில் இப்போது நான்கு கிரைண்டர்கள். என்னைத்தான் இடைஞ்சல் என்கிறார்கள். உங்கள் மாடி அறை காலியாக இருக்கிறதா? சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.