அலமாரிக்குப் பதினாறு ஆப்பு

புது வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள், காலை ஏழரை மணிக்கு, படுக்கையறையின் வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்று கண்ணாடிக்காரர் ஒரு சபதம் செய்தார்.

"நான் இருக்கிற வரைக்கும் இந்தச் சுவர் மேல ஒரு துரும்பு சாயக் கூடாது!"

"சாயாது. பல் தேய்ச்சாச்சா?" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கண்ணைத் திறந்து வைத்தவர். மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். வீட்டில் கணக்குப் போடுவாள், சொல்ல மாட்டாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எட்டு வாடகை வீடு பார்த்தாகிவிட்டது. எட்டிலும் குடியிருந்தது சாமான்கள்தான். இவர்கள் இருவரும் சந்து பொந்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பெட்டிக்கு மேல் பெட்டி, அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி. அதனால்தான் ஆறாவது மாடியில் சொந்த வீடு அமைந்ததும் அவர் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டார். துணிமணிக்குச் சுவரோடு பதித்த அலமாரி. கைப்பிடி கிடையாது, தொட்டால் திறக்கும். எங்கே தொட்டால் திறக்கும் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலமே மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, அந்தச் சுவருக்கு ஒரு அலமாரி பாக்கலாமா? பழைய காலத்து அலமாரி. நல்ல மரத்துல, பூவும் கொடியுமா செதுக்கினது."

கண்ணாடிக்காரருக்குப் புரை ஏறியது.

"பழசா? இந்த வீட்லயா? வழவழன்னு இருக்கிற வீடு. அதுல கொண்டுவந்து முண்டும் முடிச்சுமா ஒண்ணை நிறுத்தினா, கோட்டு சூட்டு போட்டவன் தலையில தலப்பாக் கட்டின மாதிரி இருக்கும்."

"சில பேருக்கு அது நல்லாத்தான் இருக்கும்."

"துணி வைக்க இடம் இல்லையா நமக்கு?"

"துணி வைக்க இல்லைங்க." அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "எட்டு வீடு மாறும்போதும் எல்லாத்தையும் நான்தான் கட்டினேன், நான்தான் பிரிச்சேன். இந்த வீட்லயாவது ஒரே ஒரு சாமான், யாராலயும் லேசுல நகத்த முடியாததா, கல்லு மாதிரி நிக்கட்டும்னு ஆசை."

'வாங்கிடலாம்' என்று சொல்ல ஒரு கணம் வாயெடுத்தார். உடனே சுவரைப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார். நேராக 'முடியாது' என்று சொன்னால் ஒரு வாரம் வீட்டில் மௌனம் நடக்கும். எட்டாம் நாள் அலமாரி நடந்து வரும். இதெல்லாம் அவருக்கு அனுபவம். எனவே தந்திரத்தை மாற்றினார். 'சரி' என்று சொல்வது. கடைக்கும் போவது. பார்க்கிற ஒவ்வொன்றிலும் நொட்டை சொல்வது. அவளே அலுத்துப்போய் விட்டுவிடுவாள்.

"சரி, ஞாயித்துக்கிழமை போய்ப் பாப்போம்" என்றார்.

"நிஜமாவா?" என்று அவள் கண்ணை அகல விரித்தாள். எத்தனையோ கண்களைச் சோதித்த மனுஷர், அந்த இரண்டைச் சோதிக்காமல் விட்டார்.

பழைய சாமான் கடை ஒரு கிடங்கு போல இருந்தது. உள்ளே சாய்வு நாற்காலிகள், நின்று போன கடிகாரங்கள், முகம் பார்த்தால் இரண்டாகத் தெரியும் கண்ணாடிகள். கடைக்காரருக்கு மீசைதான் பெரிய சொத்து. கண்ணாடிக்காரர் மனசுக்குள் அவருக்கு 'மீசை' என்றே பெயர் வைத்துக்கொண்டார்.

முதல் அலமாரியைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"ஓட்டை! பூச்சி அரிச்சிருக்கு."

"சார், அது சாவித் துவாரம்" என்றார் மீசை.

"அதுக்குப் பக்கத்துல."

மனைவி குனிந்து பார்த்தாள். "ஆமாங்க. வேண்டாம்."

இரண்டாவதில் வாசனை சரியில்லை. மூன்றாவதில் செதுக்கியிருந்த மான் இவரை முறைத்தது. நாலாவதின் கதவு கிரீச்சிட்டது, ஐந்தாவதின் கதவு கிரீச்சிடவே இல்லை.

"பழைய சாமான்னா கொஞ்சமாவது சத்தம் வர வேண்டாமா? இது போலி" என்றார்.

"நீங்க சொன்னா சரிதாங்க. வேண்டாம்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு தலையாட்டல் அவர் பார்த்ததில்லை. குளிர்ந்துபோனார். அந்தக் குளிரில் இருக்கும்போதுதான் அவள் ஒரு நடுத்தர அலமாரி முன்னால் போய் நின்றாள். நாலடி அகலம். அடக்கமான பூவேலை. பூச்சி இல்லை, வாசனை இல்லை, மான் இல்லை. கதவு அளவாகக் கிரீச்சிட்டது.

"இது நம்ம வீட்டுக்குப் பொருத்தமா இருக்குமோ?" என்றாள் மெதுவாக.

கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியோடு அதை மூன்று சுற்று சுற்றி வந்தார். குறை அகப்படவில்லை. வியர்த்துவிட்டது.

அப்போதுதான் கடைக்கோடியில், சாக்கு மூடியிருந்த ஒரு மலை கண்ணில் பட்டது. சாக்கை விலக்கினார் மீசை. அலமாரி! ஏழரை அடி உயரம், ஆறடி அகலம். இரு பக்கமும் திராட்சைக் கொடி, கொடியில் கிளிகள், உச்சியில் வாயைப் பிளந்த ஒரு சிங்கம்.

கண்ணாடிக்காரர் மண்டையில் மின்னல் வெட்டியது. குடிவந்த அன்று நடந்தது ஞாபகம் வந்தது. லிஃப்ட்டில் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும் என்பதால் சாமான் ஏற்ற வந்த ஆட்கள் சோபாவைப் படி வழியாகத் தூக்கினார்கள். மூன்றாவது மாடி வளைவில் அது மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நாலு மணி நேரம் மாடி ஏறினவர்களெல்லாம் அதில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனார்கள். கடைசியில் எப்படியோ பிடுங்கி இறக்கி, அது வந்த லாரியிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சோபாவுக்கே அந்தக் கதி என்றால் இந்தச் சிங்கத்துக்கு?

"ஆகா!" என்றார். "அலமாரின்னா இது அலமாரி! இந்தக் கிளியைப் பாரேன், கொஞ்சம் விட்டா கூப்பிட்டுப் பேசும்."

"ஐயோ, இவ்வளவு பெரிசா? வேண்டாங்க. அந்தச் சின்னதே போதும்."

"சின்னதா? உனக்கு ரசனையே கிடையாது. வாங்கினா இதை வாங்கணும், இல்லேன்னா அலமாரிப் பேச்சே எடுக்கக் கூடாது."

"கோட்டு சூட்டு, தலப்பான்னெல்லாம் சொன்னீங்களே?"

"அது இந்தத் தலப்பாவைப் பாக்கறதுக்கு முன்னாடி!" என்று மீசை பக்கம் திரும்பினார். "ஒருவேளை வீட்டுக்குள்ள போகலேன்னா?"

"போகலேன்னா நானே திருப்பி எடுத்துக்கறேன் சார். முழுப் பணமும் வாபஸ்." மீசைக்குக் கீழே என்னவோ நெளிந்தது. இருமல் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர்.

"அப்ப நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் மனைவி. "நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கண்ணாடிக்காரர் கடை நோட்டை வாங்கி, 'இந்த அலமாறியை என் சொந்த விருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, பெரிய 'ற' போட்டிருக்கீங்க? 'மாறி'ன்னு எழுதினா நாளைக்கு நீங்க மாறிடுவீங்க. சின்ன 'ர' போடுங்க."

அடித்துவிட்டுச் சின்ன 'ர' போட்டார்.

சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு, மாடிப்படி வளைவில் நடக்கப்போகும் கூத்தைப் பார்க்கக் கையில் காப்பியோடு தயாராக நின்றார் கண்ணாடிக்காரர். மனைவிக்குச் சொல்ல வேண்டிய ஆறுதல் வார்த்தையைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். 'வருத்தப்படாதே. நமக்குக் குடுத்து வைக்கலே.' மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததில், பெருமூச்சோடு சொன்னது நன்றாக வந்தது.

லாரி வந்தது. நாலு ஆட்கள் அலமாரியை இறக்கி வாசலில் நிறுத்தினார்கள். சிங்கம் ஆறாவது மாடியை அண்ணாந்து பார்த்தது.

"தூக்குங்கப்பா! ஏன் நிக்கறீங்க?" என்று கீழே ஓடி வந்து உற்சாகப்படுத்தினார்.

மீசை இடுப்பிலிருந்து ஒரு மரச் சுத்தியலை எடுத்தார். அலமாரியின் உள்ளே தலையை விட்டார். டொக். டொக். டொக். ஒரு மரத்துண்டு வெளியே வந்தது. இன்னொன்று. இன்னும் ஒன்று.

"எ... என்ன பண்றீங்க?"

"கழட்டறேன் சார். பழைய வேலைப்பாடு, ஒரு ஆணி கிடையாது. எல்லாமே ஆப்புதான். மொத்தம் பதினாறு."

"ஆப்பா? யாருக்கு?"

"அலமாரிக்குத்தான் சார்" என்றார் மீசை. சொல்லும்போது கண்ணாடிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரரின் காப்பி ஆறுவதற்குள் சிங்கம் தனியாக, கிளிகள் தனியாக, கதவுகள் தனியாக வந்துவிட்டன. ஒவ்வொரு பலகையாகப் படியேறியது. மூன்றாவது மாடி வளைவில் எல்லாம் மரியாதையாகத் திரும்பின. முக்கால் மணி நேரத்தில் படுக்கையறைக்குள் மறுபடியும் டொக் டொக். வெள்ளைச் சுவர் காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் திராட்சை காய்த்துத் தொங்கியது.

சாவியை நீட்டினார் மீசை.

"நல்லா வெச்சுக்குங்க சார். நீங்க குடிவந்த மறுநாளே டீச்சரம்மா வந்து, என் கண்ணு முன்னாலேயே கழட்டி மாட்டிக் காட்டுங்கன்னு உக்காந்து பாத்துட்டுத்தான் முன்பணம் குடுத்தாங்க. 'வீட்டுக்காரர் வந்து அவரே கேப்பார், அதுவரைக்கும் சாக்கைப் போட்டு மூடி வைங்க'ன்னாங்க. அப்படியே நடந்துது!"

மீசை போய்விட்டார். கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்தார். மனைவி புடைவைத் தலைப்பால் ஒரு கிளியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கோபம் வர மறுத்தது. அதுதான் அவருக்குக் கோபமாக வந்தது.

"குடிவந்த மறுநாளே பாத்து வெச்சுட்டியா?"

"ஆமாங்க."

"என்கிட்ட நேரா இதுதான் வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

ஆனாலும் ஒரு இடத்தில் அவள் கணக்கு இடிப்பது போலத் தோன்ற, கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கடையில முப்பது அலமாரி இருந்தது. நான் இதைத்தான் கேப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்? வேற ஒண்ணைக் கேட்டிருந்தா?"

"எப்படிங்க கேப்பீங்க?" என்றாள் அவள், அடுத்த கிளிக்கு நகர்ந்தபடி. "நம்ம மாடிப்படியில திரும்பாத அலமாரி அந்தக் கடையிலேயே இது ஒண்ணுதானே!"