எவரிஸ்தோ வீட்டில் கட்டாத கயிறு

அன்புள்ள எர்லிந்தா அக்காவுக்கு,

தம்பி பிடென்சியோ பணிவுடன் எழுதுவது. குவாதலூப்பே மாதாவின் தயவில் உன் முழங்கால் வலி தணிந்து, புவெப்லாவில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்பைப் பொறுத்தவரை எல்லோரும் சுகம். மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பேத்தி யரெட்சியின் பதினைந்தாம் வயது விழா சனிக்கிழமை பாதி நடந்தது. கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், செருப்புக்கு ஒரு ஞானத்தாய், வாத்தியக்காரர்களுக்கு ஒருவர் என்று வழக்கம்போலச் செலவையும் பொறுப்பையும் பங்கிட்டபோது, பந்தலுக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நான் கை தூக்கிவிட்டேன். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தாளில் கூம்பு வரையக் கற்றுக்கொடுத்தவனுக்கு, ஒன்றையாவது தெருவில் நிறுத்திப் பார்க்கும் ஆசை. யரெட்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் வால்ட்ஸ் ஆட்டம் முடியற வரைக்கும் ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது தாத்தா, அது போதும்" என்றாள். அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நடுவில் உயரமான கம்பம், நாலு பக்கமும் சரிவு, மழை தானாக வழிந்துவிடும் என்று வரைந்து என் மகள் ஒத்திலியாவிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஆடற எடத்துல நட்ட நடுவுல கம்பமா? பொண்ணு அந்தக் கம்பத்தோடயா ஆடுவா?" என்றாள். நியாயம்தான். கம்பத்தை எடுத்தேன். எடுத்தால் படுதா நடுவில் தொய்யும், தொய்ந்தால் தண்ணீர் தேங்கும், எனவே ஒரு மூலையை மட்டும் தாழ்த்தி அந்த வழியாக நீரை இறக்க வேண்டும். அந்த மூலை எவரிஸ்தோ வீட்டு ஜன்னல் கம்பிக்கு நேராக வந்தது. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எதிர்வீட்டுக்காரர், குட் மார்னிங் சொன்னாலே என்ன வேண்டும் என்று கேட்கிற மனுஷர். அவரிடம் போய், உங்கள் வாசலில் தண்ணீர் கொட்டப்போகிறேன், கயிறு கட்டிக்கொள்ளட்டுமா என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு முன்னால் வருஷக்கணக்காக அசையாமல் நிற்கும் அவருடைய பழைய டிரக்கின் பின்பக்கக் கம்பியில் கட்டிவிட்டேன். மற்றக் கயிறுகளெல்லாம் மற்ற வீட்டு ஜன்னல்களில். ஏதாவது ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டேன், அக்கா. முன்னெச்சரிக்கை.

ஒன்றை மறந்துவிட்டேன். நம் தெருவில் பந்தல் கயிறு யார் வீட்டில் கட்டியிருக்கிறதோ அவர்கள் குடும்பத்தோடு சாப்பிட வரவேண்டும், தனியாக யாரும் போய் அழைப்பதில்லை, கயிறுதான் அழைப்பு. நான் தொந்தரவு செய்யக்கூடாதென்று விட்டேன், அவர் ஒதுக்கிவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

மழை வந்தது, கல்மழையும் சேர்ந்து. தண்ணீர் நான் வரைந்த மாதிரியே மூலை வழியாகச் சாக்கடைக்குப் போனது, ஜனங்கள் எனக்குக் கைதட்டினார்கள், வால்ட்ஸ் ஆரம்பித்தது. அப்போது எவரிஸ்தோ இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். "தெரு பூரா கயிறு. எங்க வீட்டுக் கம்பி மட்டும் என்ன, துரு புடிச்சதா வாத்தியாரே?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். "நல்ல மழை" என்றேன். "பெய்யட்டும். நாங்க மச்சான் வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கறோம்" என்று டிரக்கில் ஏறினார். அது எங்கே கிளம்பப்போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அது கிளம்பிவிட்டது, அக்கா. ஒரு மாசமா உக்காந்து ரிப்பேர் பண்ணியிருக்கார், தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் யாரும் சொல்லலை. கத்தியிருக்கணும். நான் வகுப்பில் பிள்ளைகள் அனுமதி கேட்பதுபோல ஒரு விரலைத் தூக்கினேன்.

ஜன்னல்களில் இருந்த முடிச்சுகள் நான் போட்டபடியே ஒரே இழுப்பில் அவிழ்ந்தன, டிரக்கில் போட்டது மட்டும் இறுகிக்கொண்டது. ஓரக் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, யார் மேலும் விழவில்லை, அது மாதா செயல். வழிந்து போகாமல் நடுத் தொய்வில் தங்கியிருந்த ஆலங்கட்டியும் தண்ணீரும் அத்தனையும் கேக் மேலும் யரெட்சி மேலும் இறங்கியது. படுதா டிரக்குக்குப் பின்னால் தரையில் புரண்டபடி பெரிய சாலைக்கே போய்விட்டது. ஒத்திலியா என்னைப் பார்த்து, "அப்பா, அதையும் வரஞ்சு வெச்சிருந்தீங்களா?" என்றாள். யரெட்சி ஒன்றுமே சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை. தட்டை என் முன்னால் வைக்கிறாள், போய்விடுகிறாள். அதுதான் தாங்கவில்லை. இனி எதற்கும் நான் ஞானத்தகப்பனாக இருக்கப்போவதில்லை. வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் உன்னிடமே வந்துவிடுகிறேன். பின்பக்க அறையை ஒழித்து வை.

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் கூரையுள்ள இடத்தில் வைத்துக் காக்கட்டும்.

உன் தம்பி,
பிடென்சியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எவரிஸ்தோ படுதாவை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, "என் வண்டில கயிறு கட்டியிருந்தீங்களாமே. அப்ப என்னையும் அழைச்சிருக்கீங்க, நான்தான் மரியாதை இல்லாம எந்திரிச்சுப் போயிருக்கேன்" என்று யரெட்சியிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, அடுத்த தடவை அந்தத் தொய்வை இவர் தலைக்கு மேல வைங்க" என்றாள். அடுத்த தடவை நவம்பரில், எவரிஸ்தோ மகள் கல்யாணம். அவ்வளவு தூரம் இழுபட்டும் படுதா எங்கேயும் கிழியவில்லையாம், பந்தலுக்கு ஞானத்தகப்பன் நான்தானாம். யோசிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். அறையை ஒழிக்க வேண்டாம்.