பாதிவிலைக்காரர் வாங்கிய கீரை

குளிர் விட்டுப்போன முதல் சனிக்கிழமை காலை, பல்லைக்கூடத் துலக்காமல் பாதிவிலைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இன்றோடு கொல்லைப்புறத் தோட்டத்துக்கு ஒரு முடிவு கட்டுவது!

அவருக்கு வேறு பெயர் ஒன்று இருந்தது. அது ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும், விலையைக் கேட்பதற்கு முன்பே "பாதிக்குக் கொடு" என்பார். பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்கி, ஏமாந்து, திட்டு வாங்கி, திருப்பித் திட்டக் கற்றுக்கொண்டு, பழைய சாமான் கடை வைத்து முன்னுக்கு வந்த மனுஷர். பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் யானையின் பின்பாதியை மட்டும்கூட வாங்கி வருவார். அப்படித்தான் போன மாதம் பதினோரு கதவுகள் வந்து இறங்கின. வீட்டில் இருப்பது நாலே நாலு வாசல். நாலிலும் கதவு இருந்தது.

பதினொன்றும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. சாப்பிடப் போவதென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டும். கதவுக்குக் கொட்டகை வேண்டும். கொட்டகைக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் மனைவியின் தோட்டம் பச்சைப் பசேலென்று உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, நாளைக்குத் தச்சர் வர்றார்."

"வரட்டும். காபி போட்டுக் குடுக்கறேன்."

"தோட்டத்தைப் பிடுங்கப் போறோம்."

"'போறோம்'ல நானும் இருக்கேனா?"

"சந்தையில கீரை மலையா குவிஞ்சு கிடக்கு. வீட்டுல எதுக்கு முதுகு ஒடியக் களை எடுக்கணும்?"

"சந்தைக் கீரை என் கீரை மாதிரி இருக்காதுங்க."

"அதைவிட நல்லா இருக்கும்! வாங்கத் தெரிஞ்சவன் போகணும்!"

மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சரி, இன்னிக்கு நீங்களே போங்க. நம்ம தோட்டத்துக் கீரையைவிட நல்லதா ஒரு கட்டு கொண்டு வந்துட்டீங்கன்னா, நானே பிடுங்கித் தர்றேன்."

"தீர்ப்பு சொல்றது யாரு?"

"நீங்கதான்."

எதிராளியே நீதிபதி நாற்காலியைத் துடைத்துப் போட்டு 'உட்காருங்க' என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவருடைய வலது கை தானாக மீசைக்குப் போனது. ஜெயிக்கப் போகிறோம் என்று நினைத்தால் அது அங்கேதான் போகும். இருபத்தாறு வருஷமாகப் போகிறது. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

"தோத்துட்டா?" என்றாள் மனைவி.

"பதினோரு கதவும் உன் இஷ்டம். விறகாக்கி எரி!"

தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில்தான் உழவர் சந்தை. மூன்று மாதமாகப் போர்வைக்குள் கிடந்த ஊர், இதமான வெயிலுக்கு ஏங்கி மொத்தமாக வெளியே வந்திருந்தது. ஓரத்து மரங்களெல்லாம் பூ. தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று. தேன்காரர் கடையைச் சுற்றித் தேனீக்கள், தங்கள் சொத்து எங்கே போகிறதென்று விசாரிக்க வந்தவை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

பாதிவிலைக்காரரின் முறையே தனி. முதல் சுற்றில் திட்டுவது. இரண்டாம் சுற்றில் விலையைக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவது. கடைக்காரர் ஏழாவது அடியில் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடாதவர்களிடம் மூன்றாம் சுற்றில், கடையைக் கட்டும் நேரத்தில் போய் நிற்பது.

"இது காரட்டா, பென்சிலா?"

"பட்டாணி எங்கேம்மா? வெறும் தோலைக் குவிச்சு வச்சிருக்கே!"

திட்டித் திட்டி மூன்றாம் சுற்றுக்கு வந்தபோது ஒரு உண்மை உறைத்தது. வசந்தத்தின் முதல் சந்தை. கீரையே கொஞ்சம்தான் வந்திருந்தது. அதையும் அவர் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தேன்காரர் மேஜையில் மட்டும், தேன் பாட்டில்களுக்கு நடுவே ஒரு கூடை. அதில் இரண்டே கட்டு. பார்த்ததும் அவருக்கு மூச்சு நின்றது. கிள்ளினால் பச்சை சொட்டும் போல இருந்தது. இது போதும். கொட்டகை எழுந்த மாதிரிதான்!

"என்ன விலை?"

"கட்டு எட்டுண்ணே."

"நாலு!"

"இது என் கீரை இல்லண்ணே. ஒரு தோட்டக்காரம்மா கொடுத்து அனுப்பறாங்க. குறைக்கணும்னா அவங்களைத்தான் கேக்கணும்."

"கேளுய்யா! எனக்கென்ன பயமா?"

தேன்காரர் போனைக் காதில் வைத்தார். "அம்மா, ஒருத்தர் நாலுக்குக் கேக்கறார்... முடியாதாம்ண்ணே."

"இலையில ஓட்டை இருக்குன்னு சொல்லு!"

"அம்மா, ஓட்டையாம்... பூச்சிக்கு ருசி தெரியுதாம்ண்ணே, மனுஷனுக்குத் தெரியலையான்னு கேக்கறாங்க."

"அப்ப நான் போறேன்!"

நடையைக் கட்டினார். ஐந்து, ஆறு, ஏழு. யாரும் கூப்பிடவில்லை. அவரே திரும்பிப் பார்த்தார்.

தேன்காரர் போனைப் பொத்திக்கொண்டு, "ஏழாவது அடியில திரும்பினாரான்னு கேட்டாங்கண்ணே. ஆமான்னுட்டேன்" என்றார்.

பாதிவிலைக்காரர் தன் காலையே குனிந்து பார்த்தார். ஆனாலும் விடவில்லை. இன்னொரு வழி தோன்றியது. "இன்னொண்ணு சொல்லு. அடுத்த வாரமும் வருவேன், மொத்தமா வாங்குவேன்."

தேன்காரர் சொன்னார். கேட்டார். பாதிவிலைக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஆமாம்மா... தடவிக்கிட்டேதான் இருக்கார்."

"எதைய்யா?"

"மீசையைண்ணே. அப்படின்னா சும்மா பேச்சாம். ஒம்பதாம்."

கை நெருப்பைத் தொட்ட மாதிரி இறங்கியது. "எட்டுன்னு சொன்னியேய்யா! இது என்ன அநியாயம்!"

"கத்தினதுக்கு ஒண்ணு சேர்த்திருக்காங்க. பத்தாம்."

அதற்குள் ஒரு பெண்மணி வந்து, வாய் திறக்காமல் எட்டைக் கொடுத்து, ஒரு கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். மிச்சம் ஒன்று. பாதிவிலைக்காரரின் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்கு மேலே கொடுத்து ஒரு பொருள் வாங்கப்பட்டது. கொடுக்கும்போது விரல் நோட்டை விடவில்லை. ஆனாலும் ஒரு வியாபாரிக்கு இன்னொரு வியாபாரியைத் தெரியாதா?

"அந்தம்மா பெரிய ஆளுய்யா! என் வீட்டுக்காரி அவங்ககிட்ட ஒரு வாரம் பாடம் படிச்சா உருப்படுவா. சொல்லு."

தேன்காரர் சொன்னார். "சிரிக்கறாங்கண்ணே. சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

மத்தியானம் கீரை வெந்து தட்டுக்கு வந்தது. ஒரு வாய் வைத்ததும் பாதிவிலைக்காரர் கண்ணை மூடினார்.

"இதுதாம்மா கீரை! நம்ம கொல்லையில முளைக்கறது கீரையா? மாடு மோந்து பார்த்துட்டுப் போயிடும்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் நீதிபதி."

"நூறு தரம் சொல்லுவேன்! இதை வளர்த்தது கையா? தங்கம்!"

"அப்படிப்பட்ட தோட்டத்தை ஒருத்தர் பிடுங்கிட்டுக் கொட்டகை போட்டா?"

"அவன் கையை முறிக்கணும்!"

மனைவி இன்னொரு கரண்டி பரிமாறினாள். "எவ்வளவுக்கு வாங்கினீங்க?"

"நாலு" என்றார். கை மேலே போனது.

"மீசையிலிருந்து கையை எடுங்க. விலை ஏறிடப் போகுது."

வாயில் இருந்த கீரை அங்கேயே நின்றது. கூடத்தில் பதினோரு கதவும் நின்றன. சமையலறை ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். கீரைப் பாத்தியில் புதிதாக அறுத்த தடம், சரியாக ஒரு கூடை அகலத்துக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தச்சர் வந்தார். காபி குடித்தார். வீட்டம்மா சொன்னபடி இரண்டு கதவை அறுத்து, கால் வைத்து, நீளமாக ஒரு மேஜை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, சந்தையில் தேன்காரருக்குப் பக்கத்தில் அந்த மேஜை. மேஜை நிறைய கீரை. அதற்குப் பின்னால் பாதிவிலைக்காரர். ஒருவர் வந்து ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"எட்டு."

"நாலுக்குத் தாங்க."

பாதிவிலைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தார். மூடினார். போனை எடுத்தார். அவர் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்தது.

"அம்மா, ஒருத்தர் நாலுக்குக் கேக்கறார்."

"மீசையைத் தடவறாரா?"

பாதிவிலைக்காரர் எட்டிப் பார்த்தார். "அவருக்கு மீசையே இல்லம்மா."

"அப்ப நல்ல மனுஷர்தான், ஏழுக்குக் குடுங்க. நீங்க கையை எடுங்க."