கல்லங்கரையின் நூற்றுப் பன்னிரண்டு நாய்கள்

நாற்பத்தொரு நாய்க்கு மேல் ஊரில் கிடைக்கவில்லை என்று நாய் பிடிப்பவர்கள் வலையைச் சுருட்டியபோது, துப்புரவு மேற்பார்வையாளர் வெள்ளைச்சாமி ஓய்வு பெற இன்னும் அறுபத்தெட்டு நாட்கள் இருந்தன.

அந்த அறுபத்தெட்டு நாட்களை யார் கண்ணிலும் படாமல் கடத்திவிடத்தான் அவர் நினைத்திருந்தார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் அவர் உருப்படியாகக் கற்ற வித்தை அது ஒன்றுதான். தணிக்கையில் ஒரு கேள்வி நிலுவையில் இருந்தாலும் பென்ஷன் கோப்பு நகராது. இதை அவர் மனைவி ராசாத்தி தினமும் காலைக் காபியோடு சேர்த்து நினைவூட்டி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தேடச் சொல்லுங்க டாக்டர்."

"மூணு நாளா தேடிட்டாங்க சார். இதுக்கு மேல பக்கத்து ஊருக்குத்தான் போவணும்."

டாக்டர் திருச்சிப் பக்கத்து அறக்கட்டளை ஒன்றைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். முன்பெல்லாம் நாய்த்தொல்லை என்றால் ஆளை விட்டு அடித்துப் போட்டுவிடுவார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. கொல்லக் கூடாது, பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். கல்லங்கரை பேரூராட்சிக்கு மனிதர்களுக்கே சரியான ஆஸ்பத்திரி கிடையாது, நாய்க்கு எங்கே போவது? எனவே அறக்கட்டளைக்கு கான்ட்ராக்ட் கொடுத்திருந்தார்கள். நாய்க்கு இவ்வளவு என்று பேசி, பாதி அரசு மானியம், பாதி பேரூராட்சிப் பணம். மாடு அடைக்கிற பழைய பவுண்டைக் கழுவி, கீற்றுக் கொட்டகை போட்டு ஆபரேஷன் தியேட்டர் ஆக்கியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. நூறு நாய்க்குக் குறைந்தால் அறக்கட்டளை கத்தியைத் தொடாது; கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் மானியமும் திரும்பிப் போய்விடும்.

செயல் அலுவலர் கமலவேணி வெள்ளைச்சாமியை அறைக்குக் கூப்பிட்டாள். முப்பது வயதுப் பெண். நாற்காலியில் உட்காரச் சொல்லும் மரியாதை தெரிந்தவள். அதனால்தான் வெள்ளைச்சாமிக்கு அவளிடம் கூடுதல் பயம்.

"சர்வேயில நூத்திப் பன்னெண்டு நாய்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நாப்பத்தொண்ணுங்கிறாங்க. மீதி எழுபத்தொண்ணு எங்கங்க?"

"இருக்கும் மேடம். இங்கதான் எங்கயாச்சும்..."

அவருக்குத் தெரியும், இல்லை. ஏனென்றால் அவர் எண்ணவே இல்லை. டிசம்பரில் சர்வே படிவம் வந்தபோது, பஸ் ஸ்டாண்டு பொன்னம்மாள் கடையில் உட்கார்ந்து, இரண்டு டீ குடிப்பதற்குள் பதினைந்து வார்டுக்கும் எழுதி முடித்துவிட்டார். ஒரு வார்டுக்கு ஏழு, ஒரு வார்டுக்கு எட்டு. மொத்தம் நூற்றுப் பத்து என்று முழுசாக வந்தால் பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரும் என்று, கடைசி வார்டில் கவனமாகக் கொஞ்சம் கூட்டி நூற்றுப் பன்னிரண்டு ஆக்கினார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்குச் சந்தோஷமாக மூன்றாவது டீயும் குடித்தார்.

இப்போது அது நெஞ்சைக் கரித்தது.

ஊர்க்காரர்கள் பயந்து நாயை ஒளித்து வைத்திருப்பார்கள் என்று அவராக ஒரு யோசனை செய்தார். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்க அறிவிக்கச் சொன்னார். 'நாய்களுக்கு எந்தத் தீங்கும் நேராது, கருத்தடை ஆபரேஷன் செய்து பத்திரமாகத் திருப்பி ஒப்படைக்கப்படும், அனைவரும் தவறாது அழைத்து வரவும்.'

மறுநாள் காலை பவுண்டு வாசலில் கூட்டம். வெள்ளைச்சாமிக்கு உயிர் வந்தது. ஆனால் ஒருத்தர் கையிலும் நாய் இல்லை.

"பணம் எங்க சார் குடுக்குறீங்க?" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

"என்ன பணம்?"

"ஆபரேசன் பண்ணிக்கிட்டா கவர்மெண்டுல பணம் குடுப்பாங்கல்ல. எனக்கு மூணாவது புள்ளைக்கு அப்புறம் குடுத்தாங்களே. உள்ள கெடக்குற செவலை எங்க வூட்டு நாயி."

"கூட்டியாந்து வுடுறவங்களுக்கும் தனியா உண்டு சார்" என்று பின்னாலிருந்து ஒருவர் விவரம் சொன்னார். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் எது எதற்கு எவ்வளவு என்று வெள்ளைச்சாமியைவிட ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நாய்க்கு ஊக்கத்தொகை கிடையாது என்று அவர் தொண்டை கிழியச் சொன்னார். அப்படியென்றால் எங்கள் நாயைத் திருப்பிக் கொடு என்றார்கள். தெருவில் நாதியற்றுத் திரிந்த நாற்பத்தொரு நாய்க்கும் ஒரே காலையில் நாற்பத்தொரு வீடு முளைத்துவிட்டது. கடைசியில் தன் பையிலிருந்து எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எழுபத்தொரு நாய் பாக்கி அப்படியே நின்றது.

அன்று மாலை அவருக்கு ஆண்டவர் நினைவு வந்தது. ஆண்டவர் என்பது பூவாளிக்குடி பேரூராட்சியில் இவரைப் போலவே துப்புரவு மேற்பார்வையாளர். பத்து கிலோமீட்டர் தள்ளி, அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிப் புழுதிக்குள் இருக்கிற ஊர். வெள்ளைச்சாமி பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னதும், ஆண்டவர் முகம் மலர்ந்தது.

"அட, இதுக்கா அண்ணே கண் கலங்குறீங்க? எனக்கு இந்த ஆபரேசன் கேம்ப் அடுத்த வருசக் கணக்குல, ஏப்ரல் கடைசியில. எண்ணிக்கை பாக்க மேல இருந்து ஆள் வந்தாங்கன்னு, போன மாசமே நாயெல்லாம் புடிச்சு பழைய குடோன்ல அடச்சு வச்சிருக்கேன். அவுத்து வுட்டா ஓடிப்போவுதுங்க. சோறு போட்டு மாளல. கொண்டுபோங்க, வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுங்க."

"எத்தனை இருக்கு தம்பி?"

"எழுபத்தொண்ணு."

வெள்ளைச்சாமி கணக்கைக் கூட்டிப் பார்த்தார். கூட்டியதும் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருடத்தில் அரசாங்கக் கணக்கு ஒன்று இப்படிப் பொட்டுப் பிசகாமல் பொருந்தி அவர் பார்த்ததில்லை. ஆண்டவரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

லாரி வாடகை அவர் பையிலிருந்து போயிற்று. போகட்டும். நூற்றுப் பன்னிரண்டு நாய்க்கும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆபரேஷன் முடிந்தது. கமலவேணி, "நான்கூட உங்களைச் சந்தேகப்பட்டுட்டேங்க" என்று வருத்தம் தெரிவித்தாள். அன்றிரவு வெள்ளைச்சாமி நிம்மதியாகத் தூங்கினார். அதுவே கடைசி.

ஏப்ரல் நான்காம் தேதி ஆண்டவர் லாரியோடு வந்தார். பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"காதுக்கு என்ன ஆச்சுண்ணே?"

ஆபரேஷன் முடிந்த நாய்க்கு அடையாளமாக இடது காது நுனியை வெட்டிவிடுவது வழக்கம் என்று டாக்டர் விளக்கினார். மறுபடி அதே நாயைக் காட்டி யாரும் பில் போடக் கூடாது இல்லையா?

"காது வெட்டுன நாய வச்சுக்கிட்டு நான் என்னண்ணே பண்றது? எனக்கு கேம்ப்புக்கு முழுக் காதோட வேணும்."

"இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது தம்பி."

"எனக்குத் தெரியாதுண்ணே. எழுபத்தொரு நாயி, காதோட, இருபதாந்தேதிக்குள்ள. இல்லேன்னா நடந்ததை நான் ஆபீஸ்ல சொல்ல வேண்டி வரும்."

காலி லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போயிற்று. டாக்டர் படிவத்தை நீட்டினார். 'பிடிக்கப்பட்ட இடத்திலேயே விடப்பட்டன.' வேறு வழி இல்லை. வெள்ளைச்சாமி கையெழுத்துப் போட்டார், கூண்டுகளைத் திறந்தார்கள். அத்தனை நாயும் கல்லங்கரைத் தெருக்களுக்குள் நாலா பக்கமும் பாய்ந்து ஓடின. புது ஊர் என்ற கூச்சம்கூட இல்லாத ஜென்மங்கள் என்று அவர் மனதுக்குள் வைதார்.

அடுத்த வாரம் மன்றக் கூட்டம். எட்டாவது வார்டு உறுப்பினர் அப்துல் நாசர் எழுந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, இங்கே மாமனார் ஊரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்.

"துபாய்ல ரோட்டுல ஒரு நாயப் பாக்க முடியாதுங்க. அது போவட்டும். இந்த ஊர்லயும் ஒரு மாசமா தெரு அமைதியாத்தான் இருந்துச்சு. விடியக்காலை பஜ்ரு தொழுகைக்குத் தைரியமா நடந்து போனோம். நீங்க நாயக் கொறைக்க கேம்ப் போட்டீங்க, இப்ப ரெண்டு மடங்கா கூடிருச்சு. மக்கள் பணத்தச் செலவு பண்ணி நாய இறக்குமதி பண்ணுன மாதிரி இருக்குங்க. எழுத்து மூலமா பதில் வேணும்."

இறக்குமதி என்ற சொல்லைக் கேட்டதும், அது மன்றக் குறிப்பேட்டில் ஏறுகிறதா என்று வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார்.

அந்தப் புகார் கோப்பில் ஏறியது. கோப்பு தணிக்கைக்குப் போயிற்று. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்த தணிக்கையாளர் ஒல்லியான மனிதர். டீகூட வேண்டாம் என்றார். வேண்டாம் என்கிற தணிக்கையாளர் ஆபத்தானவர் என்பது வெள்ளைச்சாமியின் அனுபவம்.

"டிசம்பர்ல எண்ணினப்ப நூத்திப் பன்னெண்டு. மார்ச்சுல புடிச்சதும் நூத்திப் பன்னெண்டு. நடுவுல ஒரு நாய் சாகலை, ஒரு நாய் குட்டி போடலை, ஒண்ணுகூட லாரியில அடிபடலை. அப்படித்தானுங்களா?"

வெள்ளைச்சாமி சர்வே படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் இருபது வருசமா கணக்குப் பாக்குறேன் சார். இவ்வளவு சரியா இருக்கிற கணக்கு எதுவும் உண்மையா இருந்ததில்லை."

ஒரு பக்கம் இவர். இன்னொரு பக்கம் அப்துல் நாசர். இருபதாம் தேதி நெருங்க நெருங்க ஆண்டவரிடமிருந்து தினம் ஒரு போன். முழுக் காதுள்ள எழுபத்தொரு நாய்க்கு வெள்ளைச்சாமி எங்கே போவார்? ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு பொய், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. திடீரென்று அவருக்கு அலுத்துவிட்டது. பயம்கூட இல்லை, வெறும் அலுப்பு. உட்கார்ந்தபடியே ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி எழுதினார்.

'நான் நாய்களை எண்ணவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு என்று பொய்யாக எழுதினேன். இவ்வூரில் இருந்தவை நாற்பத்தொன்றே. மீதி எழுபத்தொன்றும் பூவாளிக்குடி நாய்கள். அவற்றை இவ்வூர் நாய்கள் என்று காட்டி, பொதுப்பணம் செலவாகக் காரணமானேன். இப்படிக்கு, வெள்ளைச்சாமி.'

தணிக்கையாளர் இரண்டு முறை படித்தார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"இத்தனை வருசத்துல ஒருத்தரும் இப்படி எழுதிக் குடுத்ததில்லைங்க. மனசாரப் பாராட்டுறேன்." தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆனா எழுத்துல வந்துட்டதால நான் ஒண்ணும் செய்ய முடியாது. விசாரணை முடியிற வரைக்கும் பென்ஷன் நிக்கும்."

அவரை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வெள்ளைச்சாமி பொன்னம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். ராசாத்தியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் மனது லேசாக இருந்தது. சர்வீஸிலேயே முதல்முறையாக ஓர் உண்மையை எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த நிறைவை யாராலும் பிடித்தம் செய்ய முடியாது.

பொன்னம்மாள் மிஞ்சிய இட்லியைப் பிய்த்து, காது வெட்டின கறுப்பு நாய் ஒன்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா சார், மொகம் வாடிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல பொன்னம்மா. வெளியூரு நாய் எழுபத்தொண்ண நம்ம ஊருல வுட்டுட்டேன். அந்தப் பாவத்த இன்னிக்குத்தான் எறக்கி வச்சேன்."

"வெளியூரு நாயா?" என்றாள் பொன்னம்மாள். "மாசி மகத்துக்கு மொத நாளு அந்தப் பூவாளிக்குடி ஆண்டவர் சார் லாரியோட வந்து, ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தான் நாலு நாளைக்குக் கடனா கொண்டுபோறேன்னாரு, எங்க வூட்டுக்காரருதான் நம்ம ஊரு தெரு நாயில எழுபத்தொண்ண எண்ணி எண்ணி ஏத்திவுட்டாரு."